உடையாத கப்பும் ஏழாவது பாட்டும்

மேற்கத்திய இசையில் உச்சஸ்தாயியில் பாடும் பெண்குரலுக்கு சொப்ரானோ என்று பெயர். சென்னையில் எட்டு வருடம் படித்துத் திரும்பிய ஸ்ரீரஞ்சனிதான் விருத்தாசலத்தின் ஒரே சொப்ரானோ. அவளுடைய முதல் கச்சேரியை நடத்தித்தர பீங்கான் கப் கம்பெனி முதலாளி கோவிந்தராசு முன்வந்திருந்தார். கலை மீது அவருக்கு அப்படி ஒரு பக்தி.

ஏழு பாட்டுகளைத் தேர்ந்தெடுக்க அவளுக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. இது சரியா என்று கேட்க ஊரில் ஆள் இல்லை. கம்பெனிக் கொட்டகையில் கோவிந்தராசுவிடம் பட்டியலை நீட்டினாள்.

“இதுல எதும்மா ரொம்ப ஒசரம் போவுது?”

“மூணாவதுங்க.”

“அத கடைசியா வை. வெளிநாட்டுல இப்படி பாடுனா கண்ணாடி கிளாஸே தெறிக்குதாமே. நம்ம கப்ப உன் பக்கத்துல வச்சிருவோம். உடையாம நிக்கும் பாரு, ஜனங்க கை தட்டுவாங்க.”

கைதட்டல் யாருக்கு என்று அவளுக்குப் புரிந்தது.

“கடைசிக்கு ஏழாவதுதாங்க. ஒருத்தி தனியா காத்திருக்கிற பாட்டு, ரொம்ப மெதுவா பாடணும். அதுக்காகத்தான் இந்தக் கச்சேரியே.”

“மெதுவா பாடுனா கப்பு எதுக்கும்மா பயப்படும்? சரி, டீ குடுக்கிற நேரத்துல பாடிக்க.”

ஏழாவதை அவளே பட்டியலிலிருந்து பேனாவால் அடித்துவிட்டாள்.

அவர் போன் பேச வெளியே போனார். ஸ்ரீரஞ்சனி எழுந்து நின்று அந்தப் பாட்டை முழுவதும் மெல்லப் பாடினாள். சூளைக்குப் போகக் காத்திருந்த கப்புகள் பலகை பலகையாக வாயைத் திறந்தபடி கேட்டன. ஒன்றுகூட டீ கேட்கவில்லை.

“உள்ள யாரும்மா? ஏதோ சத்தம் கேட்டுச்சே,” என்றபடி வந்தார் கோவிந்தராசு.

“யாருமில்லைங்க.”