ஒன்பதாவது மாடியிலிருந்து விழுந்தது

பதினொன்றரை மணிக்கு ஒன்பதாவது மாடியிலிருந்து ஒரு ஸ்பேனர் விழுந்தது. கீழே இன்ஜினியர் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துவிட்டு, வழுக்கைத் தலையைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் ஹெல்மெட்டைப் பிளந்து, நாற்காலியையும் உடைத்துக்கொண்டு தரையில் போய்ப் படுத்தது. அவர் ஸ்பேனரைப் பார்த்தார். ஹெல்மெட்டைப் பார்த்தார். பிறகு தலையைத் தடவிப் பார்த்தார். முடி கொட்டிய இருபது வருஷத்தில் அந்தத் தலையை அவர் அவ்வளவு பாசமாகத் தடவியதில்லை.

மேலே வேலை பார்த்த பதினோரு பேரையும் வரிசையாக நிற்க வைத்து விசாரித்தார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. குழாய் ஃபிட்டர் மட்டும் சும்மா இருக்காமல், "காக்கா தூக்கிட்டு வந்து போட்டிருக்கும் சார்" என்றான்.

"அரைக் கிலோ ஸ்பேனரையா?"

"இந்தப் பக்கம் காக்கா கொஞ்சம் பெருசு சார்."

ஸ்டோர் ரூம் வாசலில் நின்றிருந்த அவன் மனைவி அந்த ஸ்பேனரின் கைப்பிடியைப் பார்த்தாள். சிவப்பு டேப். கை வேர்க்கிறது என்று அவன் புலம்பியதால் அவளே சுற்றிக் கொடுத்தது. கருவிகளை எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வாங்கி வைப்பதும் அவள் வேலை. ஆனால் வாயே திறக்கவில்லை. அதற்குத்தான் ஃபிட்டர் பயந்தான். திட்டினால் திட்டி முடித்துவிடுவாள். பேசாமல் இருந்தால் எங்கே முடியும் என்று சொல்ல முடியாது.

வீட்டில் தட்டை வைக்கும்போதுதான் பேசினாள். "அவருக்கு ரெண்டு பொண்ணுங்க. தெரியுமில்ல?"

"வழுக்கிருச்சு. வேணும்னா போட்டேன்?"

"வேணும்னு போட்டீங்கன்னு யாரு சொன்னா? வாயத் தொறக்காம இருக்கீங்களே, அது வேணும்னுதானே?"

சொன்னால் வேலை போய்விடும் என்றான். அவள் டம்ளரில் தண்ணீரை ஊற்றினாள்.

மறுநாள் காலையில் உத்தரவு வந்தது. மேலே போகும் ஒவ்வொரு கருவியும் கயிற்றால் இடுப்புப் பட்டையோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். கட்டிவிடுவது ஸ்டோரின் பொறுப்பு. மற்ற பத்துப் பேரையும் மளமளவென்று அனுப்பிவிட்டாள். புருஷனுக்கு மட்டும் அரை மணி நேரம். சுத்தியல், ஸ்பேனர், குறடு, அளவு டேப், ரசமட்டம் என்று எல்லாம் கட்டி முடித்து, அவன் கண்ணாடிக்கும் காதில் சொருகியிருந்த பென்சிலுக்கும்கூட ஒரு கயிறு போட்டாள்.

"ஆலமரம் நடந்து வருது, விழுதெல்லாம் ஆடுது பாரு" என்றான் வெல்டர். அன்று முதல் அவன் பெயர் ஆலமரம்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இடது பக்கம் திரும்பினான். சுத்தியல் கயிறு சாரக் குழாயைச் சுற்றியது. அதை எடுக்க வலது பக்கம் திரும்பினான். குறட்டுக் கயிறு காலைச் சுற்றியது. பிறகு எந்தப் பக்கமும் திரும்ப முடியவில்லை. உதவிக்கு வந்த வெல்டர் சிரித்துக்கொண்டே இழுத்து இன்னும் இறுக்கிவிட்டான்.

"எதையும் வெட்டாதீங்க!" என்று இன்ஜினியர் கீழேயிருந்து மைக்கில் கத்தினார். "கட்டுனவங்களே போய் அவுக்கட்டும்!"

கட்டினவளுக்கு ஸ்டூல் மேல் ஏறினாலே தலை சுற்றும். பாதுகாப்புப் பட்டையை மாட்டி லிஃப்டில் ஏற்றினார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டே வந்து, பலகையில் தவழ்ந்து, அவனிடம் வந்ததும் ஒரே ஒரு கண்ணைத் திறந்தாள். அதுவும் முடிச்சைப் பார்க்க மட்டும்.

"நீளமா கட்டிட்டேன்" என்று முணுமுணுத்தவள், அப்படியே கீழே பார்க்காமல் கத்தினாள். "சார், என் தப்புதான்! கயிறு நீளம் ஜாஸ்தி!"

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் என்று ஃபிட்டர் வாயைப் பிளந்தான். அந்த நேரம் பார்த்து அவன் கையிலிருந்த சுத்தியல் நழுவியது. சுத்தியல் முழங்காலுக்குக் கீழே போய், கயிறு இழுக்க, அந்தரத்தில் நின்று ஆடியது. அதற்கு நேர் கீழே, புது ஹெல்மெட்டோடு, இன்ஜினியர் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்.

"சார்! நேத்து காக்கா இல்ல சார்! நான்தான்!"

"என்னது? கேக்கல!"

"ஸ்பேனர் போட்டது நான்தான் சார்!"

"சத்தமா சொல்லுய்யா!"

மூன்றாவது தடவை அவன் கத்தியதும் எதிர்த் தெரு டீக்கடையில் இருந்தவர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். இன்ஜினியர் புது ஹெல்மெட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு, "மொதல்ல அவுத்துட்டு எறங்கு" என்றார். அது கோபமா சிரிப்பா என்று ஒன்பது மாடி தூரத்தில் தெரியவில்லை.

கடைசி முடிச்சு அவிழ்ந்தது. அவள் அவன் பட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கண்ணையும் திறந்தாள். ஊர் முழுக்கக் காலடியில் கிடந்தது.

"நம்ம வீடு எங்க?"

"அந்த நீலத் தொட்டிக்குப் பின்னாடி. மாடியில வெள்ளையா பறக்குது பாரு."

"ஐயோ, போர்வை" என்றாள். "கிளிப்பு போடாம வந்துட்டேன்."

இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வெள்ளைப் போர்வை கொடியில் ஒரு முறை உப்பியது, அடங்கியது, மறுபடி உப்பி, ஒரு மூலையை மெல்லத் தூக்கியது.