முக்கால் மைல் மேற்கே

எண்பத்து மூன்றாம் வருடப் பஞ்சத்தில், புதுச்சத்திரத்துக்குத் தெற்கே விவசாயி சென்னியப்பனின் மானாவாரிக் காட்டில் கிணறு வெட்ட இடம் குறித்துக் கொடுத்தவர் யாகப்பன். சேலத்தில் அரசு வேலையிலிருந்த நிலவியலாளர். செயற்கைக்கோள் எடுத்த படத்தில் நீர் ஓடும் பாறைப் பிளவு ஒன்று கருங்கோடாகத் தெரிந்தது. அதை ஊர் வரைபடத்தோடு பொருத்தித்தான் அங்கே முளைக்குச்சி அடித்தார். ஒத்துப்பார்க்கப் படத்தில் ஊர் ஏரியாவது தெரியுமா என்றால், அது வற்றி மண்ணோடு மண்ணாகக் கிடந்தது.

அறுபது அடியிலும் பாறைதான். இன்னும் கொஞ்சம் போகலாம் என்று பாறையை உடைக்க வெடித்தோட்டா வைத்தார்கள். ஒன்று உடனே வெடிக்கவில்லை. பார்க்க இறங்கிய சென்னியப்பனின் தம்பி வேலுமணி உயிரோடு மேலே வரவில்லை.

மழைக்காலமும் பொய்த்த பிறகு அதே படம் திருத்தப்பட்டு யாகப்பனிடம் வந்தது. படம் எடுத்த நொடியில் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்று முன்பு உத்தேசமாகத்தான் கணக்கிட்டிருந்தார்கள். உண்மையில் அது விலகிப் பறந்திருந்தது. சரியான இடத்தை வைத்துத் திருத்தியதும் கருங்கோடு முக்கால் மைல் மேற்கே நகர்ந்து, புறம்போக்கு நிலத்தில் விழுந்தது.

யாகப்பன் பஸ் ஏறிப் போய் நேரிலேயே சொன்னார்.

"மேல பறக்கறது எங்க இருக்குதுன்னு உங்களுக்கே தெரியாதுங்களா?" என்றான் சென்னியப்பன்.

"அப்பத் தெரியலைங்க."

வேலுமணியின் மனைவி கண்ணாத்தாள் வாசலுக்கு வந்தாள். "அப்ப எங்க காட்டுல தண்ணியே இல்லீங்களா?"

"இல்லைங்கம்மா. இன்னும் எவ்வளவு வெட்டியிருந்தாலும் வந்திருக்காது."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"புது எடத்துலயும் ஆளு எறங்கோணுமுங்களா?"

"வேண்டாம்மா. ரிக்கு வண்டி வந்து துளை போடும். யாரும் உள்ள எறங்க வேண்டியதில்லை."

"அதை அன்னைக்கே கொண்டாந்திருக்கலாமுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

புறம்போக்கில் துளை போட்டார்கள். இருநூறு அடிக்கு முன்பே தண்ணீர் பீறிட்டது. ஊரே குடங்களோடு ஓடிவந்தது. கண்ணாத்தாளும் வந்தாள். குடத்தை நிரப்பிக்கொண்டு, யாகப்பனை ஏறிட்டும் பார்க்காமல் நடந்தாள்.

சென்னியப்பன் வரவில்லை. தம்பி செத்த கிணற்றை மூடிக்கொண்டிருந்தான். கரையில் குவிந்திருந்த பாறைச் சில்லுகளைக் கூடை கூடையாக உள்ளே கொட்டினான். தேடிப்போன யாகப்பன் குனிந்து ஒரு கூடையைத் தூக்கப் போனார்.

"வெச்சுருங்க," என்றான் சென்னியப்பன். "நீங்க போங்க."

யாகப்பன் கூடையை வைத்துவிட்டு ரோட்டுக்கு நடந்தார்.