மஞ்சள் சீட்டுக் கட்டு

எங்கள் குடும்பத்தில் யாரும் யார் முன்னாலும் கை கட்டி நின்றதில்லை. அதனால்தான் தம்பி மகள் ஆராய்ச்சி மாநாட்டுக்குக் கிளம்பியபோது நானும் கூடவே புறப்பட்டேன்.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் பாதியில் வேறு வேலைக்குப் போய்விட்டார். வேறொருவர் ஏற்றுக்கொள்ளாவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான். இரும்புப் பாலங்களில் பெயிண்டுக்கு அடியில் துரு எப்படிப் பரவுகிறது என்பது அவள் ஆராய்ச்சி. அதில் பெரிய கை என்று பெயரெடுத்த பேராசிரியர் அன்று பேச வருகிறார். அவரைப் பிடிக்காமல் வீடு திரும்புவதில்லை என்று வந்திருந்தாள்.

அவளுக்குக் கொடுத்த பலகை கழிப்பறைக் கதவை ஒட்டி இருந்தது. முகம் சுளிக்காமல் தன் ஆராய்ச்சியை விளக்கும் போஸ்டரை அதில் மாட்டினாள். அதன் கீழே பசை தடவிய மஞ்சள் சீட்டுக் கட்டு ஒன்றையும் குத்தி, 'தவறு கண்டால் எழுதி ஒட்டுங்கள்' என்று ஓர் அட்டை வைத்தாள்.

"என்னடி இது? நம்ம தப்பை நாமே ஊரைக் கூட்டிக் காட்டுறதா?"

"பாராட்டை வீட்லயே கேட்டுக்கலாம் அத்தை. இங்க வந்ததே திட்டு வாங்கத்தான்."

பேராசிரியரின் உரையைக் கேட்க ஓடினாள். அவள் தலை மறைந்ததும் சீட்டுக் கட்டையும் அட்டையையும் என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பெரிய மருத்துவமனையில் தலைமைச் செவிலியராக இருந்தவள் நான். நாற்காலியை இழுத்துப் போட்டு, போஸ்டர் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எவனும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

மற்ற பலகைகளில் கூட்டம் நெரிந்தது. எங்களிடம் வந்த இரண்டு பையன்கள் என்னைப் பார்த்ததும் பின்வாங்கினார்கள்.

"போஸ்டருக்கு மார்க் போடுற ஜட்ஜ் உக்காந்திருக்காங்கடா. அப்புறம் வரலாம்."

அவள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "யாராவது வந்தாங்களா அத்தை?"

"ஒரு ஈ காக்கா வரல."

"எப்படி வரும்? வார்டுக்கு ரவுண்ட்ஸ் வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க. எந்திரிங்க. வேணும்னா அந்தப் பக்கத்து போஸ்டர் முன்னாடி போய் உக்காருங்க, போட்டியாவது குறையும்."

"வாய் நீளுது உனக்கு."

அவள் காதில் விழவில்லை. காபி வரிசையில் பேராசிரியரைப் பார்த்துவிட்டாள். நேரே போய், "உங்க பேச்சு முடிஞ்சதும் உப்புக் காத்தைப் பத்திக் கேட்டது நான்தான் சார். என் வழிகாட்டி பாதியில போயிட்டார். ஒரே நிமிஷம், என் போஸ்டரைப் பாருங்க" என்றாள். தலை குனியவில்லை, குழையவும் இல்லை. அதுவரைக்கும் எனக்குத் திருப்திதான்.

அவர் கோப்பையோடு வந்தார். ஒரு வரைபடத்தில் விரலை வைத்தார்.

"எல்லாம் வெயில் காலத்துல எடுத்த அளவா?"

"ஆமா சார்."

"மழையில எடுக்கலையா? அப்ப இந்தக் கோடு பாதிப் பொய்."

பொய்! நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளையை அப்படிச் சொன்னவர் யாரும் கிடையாது. "இங்க பாருங்க..." என்று ஆரம்பித்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது எனக்குத் தோணவே இல்ல சார். ஆனா தண்ணி வடியிற இடத்தைவிட தேங்குற இடத்துலதான் வேகமாப் பரவும்னு நினைக்கிறேன்."

அவர் கோப்பையைப் பலகைக்குப் பக்கத்தில் இருந்த மேசையில் வைத்தார். "நினைச்சா போதாதும்மா. அளந்து காட்டணும். எப்படின்னு சொல்றேன், எழுதிக்கோ."

"நீங்களே எழுதுங்க சார், சீட்டு இங்கதான்..." குனிந்தாள். ஊசி மட்டும் இருந்தது. மேசைக்கு அடியில் தேடினாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வைத்த பொருளை வைத்த இடத்தில் காணாதவள் என்று எங்கள் பெண்ணை அவர் நினைத்துவிடக் கூடாது. கைப்பையைத் திறந்து சீட்டுக் கட்டை நீட்டினேன்.

"நான்தான் எடுத்தேன். அவ சரியாத்தான் வச்சிருந்தா."

"இவங்க?"

"எங்க அத்தை சார்."

"அப்பாடா. ஜட்ஜுன்னு நினைச்சு நானே பயந்துட்டேன்." சிரித்துக்கொண்டே மூன்று சீட்டுகளை நிரப்பினார். "மழை ஆரம்பிக்கிறதுக்குள்ள என் லேபுக்கு வந்துடு. வழிகாட்டி மாத்துற விண்ணப்பத்தைக் கொண்டா, கையெழுத்துப் போடுறேன்."

அவர் போனதும் அவள் குதிப்பாள் என்று நினைத்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டு, "திட்டு வாங்க அடுத்த ஆளைப் பிடிக்கணும் அத்தை" என்று கூட்டத்துக்குள் புகுந்துவிட்டாள்.

சீட்டுகளைக் கோணல் இல்லாமல் வரிசையாக ஒட்டினேன். அட்டையை மறுபடி குத்தினேன். பின்வாங்கிய பையன்கள் தூரத்தில் நின்றிருந்தார்கள்.

"தம்பிங்களா, இங்க வாங்க. தப்பு இருந்தா எழுதுங்க. ஆனா கையெழுத்து ஒழுங்கா இருக்கணும்."