நார்மனின் காருக்கு நாற்பத்திரண்டரை சென்டிமீட்டர்

இங்கிலாந்தின் மோர்கம் கடற்கரையில் முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற எம்ரிஸுக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க இன்னொருத்தர் காரோடு போயிற்று. கார் நார்மனுடையது. நார்மன் இறந்து மூன்று வருஷம். அவர் மனைவி லோர்னா திரைச்சீலை தைப்பவள். மருத்துவமனை நிறுத்தத்தில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கையில் உட்கார்ந்து, வீடு வரும்வரை எம்ரிஸின் பிடரியோடு பேசிக்கொண்டே வருவாள். அப்போது நார்மன் படுக்கையில் இருந்தார். பிறகு அவர் போய்விட்டார். வேல்ஸில் ஒரு அக்காவைத் தவிர யாருமில்லாத எம்ரிஸும் ஓய்வு பெற்றார். பேச்சு மட்டும் நிற்கவில்லை. பேருந்திலிருந்து இறங்கி அவள் சமையலறை மேஜைக்கு வந்து சேர்ந்தது.

கொட்டகையில் போர்வைக்கு அடியில் கிடந்த அந்தப் பச்சைநிறச் சின்னக் காரை ஒருநாள் லோர்னாதான் திறந்து காட்டினாள்.

"இதை ஓட வைக்க முடியுமாய்யா?"

"பேருந்தே ஓட்டினவன்கிட்ட தீப்பெட்டியைக் காட்டிக் கேக்கிற பார்" என்றார் எம்ரிஸ்.

சொன்னது எளிது. ஒவ்வொரு திருகைக் கழற்றும்போதும் நார்மன் எதிர்ப்பட்டார். ஒரு பக்கம் மூன்று திருகு, மறுபக்கம் நாலு. விளக்குக் கம்பிகள் எல்லாம் ஒரே சிவப்பு நிறம். முன்கதவுக் கைப்பிடிக்குள் துவாரத்தை அடைக்க தேயிலைப் பொட்டலத்தோடு வரும் பூப்படம் போட்ட ஒரு அட்டை. ஆரம்பத்தில் எம்ரிஸுக்கு எரிச்சலாக இருந்தது. மாசி பங்குனி போல வெயில் தலைகாட்டும் நேரத்தில் அவர் தனியாகக் கொட்டகையில் நின்று, "என்ன நார்மன், இதை எதுக்கு இங்க கொண்டாந்து முடிச்ச?" என்று சத்தமாகவே கேட்க ஆரம்பித்திருந்தார். பார்த்தே இராத மனுஷன் மேல் அவருக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது.

வண்டி ஓடியது. ஆண்டுத் தகுதிப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். ஒல்லியான பரிசோதகர் அடியில் படுத்து, எழுந்து, விளக்கை எல்லாம் போட்டுப் பார்த்து, கடைசியில் வண்டிக்குப் பின்னால் போய் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"பிரேக்கு, டயரு, அடிப்பக்கம் எல்லாம் சுத்தம். யார் வேலை பார்த்தாங்களோ நல்லாப் பார்த்திருக்காங்க. ஆனா இது என்ன, நம்பர் பிளேட்டா? எழுத்தெல்லாம் கடைசி பஸ்ஸுல ஏறின கூட்டம் மாதிரி நெருக்கிக்கிட்டு நிக்குது."

எம்ரிஸ் குனிந்து பார்த்தார். உண்மைதான். 'சி612 என்.எச்.வி.' என்ற ஏழு எழுத்தும் ஒன்றின் தோளில் ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. கடைசி எழுத்தின் வலது கையை ரம்பம் தின்றிருந்தது. மாதக்கணக்கில் அந்தக் காரோடு கிடந்தவர், எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்து இதைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்.

"இத்தனை வருஷம் இதுலதானே ஓட்டினாரு?" என்றாள் லோர்னா.

"யாரோ கண்ணை மூடிக்கிட்டு விட்டிருக்காங்க. நான் விட முடியாதும்மா. பத்து நாளுக்குள்ள மாத்திட்டு வாங்க, திரும்பப் பார்த்துத் தர்றேன்."

மாற்றுவதில்தான் சிக்கல். பின்பக்க பம்பர் துருப்பிடித்துப்போனபோது, புதிது எங்கேயும் கிடைக்காமல், நார்மன் கண்ணாடியிழையும் பசையும் வைத்துத் தானே ஒன்று வார்த்திருந்தார். பிளேட் உட்கார அதில் ஒரு பள்ளம். சாதாரண பிளேட் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் நீளம். பள்ளம் நாற்பத்திமூன்று. பள்ளத்தின் இரண்டு ஓரமும் உயர்ந்து வளைந்து விளக்குகளைப் போய்த் தொட்டன. பெரிய பிளேட்டை எந்தப் பக்கம் வைத்தாலும் உட்காராது.

"ஒம்பது பத்து சென்டிமீட்டர் எங்க போச்சு நார்மன்?" என்று எம்ரிஸ் கொட்டகையைத் துழாவினார். விடை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நார்மனின் அளவு நாடாவின் முனை கிழிந்து போயிருந்தது. எண்கள் பத்திலிருந்துதான் ஆரம்பித்தன. மனுஷன் ஐம்பத்திமூன்று என்ற கோட்டைப் பார்த்து அளந்திருக்கிறார், தொலைந்துபோன பத்தைக் கழிக்க மறந்துவிட்டார். எம்ரிஸ் கொட்டகையில் தனியாக நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சுண்ணக்கட்டியை எடுத்து, பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் வெட்ட வேண்டிய இடத்தில் கோடு போட்டார்.

லோர்னா தேநீரோடு வந்தாள். கோட்டைப் பார்த்தாள்.

"அதை அழி."

"வேற வழியில்ல லோர்னா. ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு சென்டிமீட்டர். வெட்டிட்டு, தேய்ச்சு, சாயம் அடிச்சா வெளிய தெரியவே தெரியாது."

"எனக்குத் தெரியும். அந்த வளைவை ரெண்டு மாசம் கையால தேய்ச்சாரு. வீடு முழுக்க அந்தப் பசை நாத்தம். நான் திட்டாத திட்டு இல்ல. கையெல்லாம் வெந்துபோயி, ஆனா ராத்திரி சாப்பாட்டுல உக்காந்து, 'லோர், இன்னிக்கு இடது மூலை வந்துருச்சு'ன்னு சின்னப் பையன் மாதிரி சொன்னாரு."

"தப்பா அளந்து செஞ்சதும்மா அது!"

"தப்பா அளந்தா? அதுக்கு வெட்டிருவியா? நீ கூடத்தான் என் சமையலறைக் குழாயைத் தப்பா மாட்டின. வெந்நீரைத் திருகினா பச்சைத் தண்ணி வருது. உன்னை நான் வெட்டினேனா?"

எம்ரிஸுக்குக் கோபம் வந்தது. அது நியாயமான கோபம் இல்லை என்பதும் கூடவே தெரிந்தது. நாலு மாதம் முதுகு ஒடிய வேலை செய்தவன் நான், இவள் பரிந்து பேசுவது செத்தவருக்கா என்று மனம் கசந்தது. தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். கடல் வற்றி, விரிகுடா முழுக்கச் சேறு மின்னிக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தவர், பம்பரின் உள்பக்கத்தை நினைத்துக்கொண்டார். கழற்றும்போது பார்த்தது. உறைந்த பசையில் ஒரு கட்டைவிரலின் ரேகை வரிவரியாகப் பதிந்திருந்தது. ரம்பத்தை எடுத்தால் தன் கையே போகாது என்று அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. கோடு போடத்தான் தைரியம் இருந்தது. வெட்டுகிற தைரியம் அவரிடமும் இல்லை.

மறுநாள் காலை நூலகத்துக்குப் போய் நம்பர் பிளேட் விதிகளை அச்செடுத்துக்கொண்டு லோர்னா வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வெட்ட வந்தியா?"

"படிக்க வந்தேன். உள்ள விடு."

மேஜையில் தாளை விரித்தார்கள். லோர்னா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். எம்ரிஸ் விரலை வைத்துக் காட்டினார். எழுத்தின் உயரத்தில் கைவைக்கக் கூடாது. அகலத்தில் வைக்கக் கூடாது. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விடும் இடத்தில் வைக்கக் கூடாது. அதெல்லாம் சட்டம். ஆனால் பிளேட் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் இருந்தே ஆக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. எழுத்துகளுக்கு இரண்டு ஓரத்திலும் ஒரு சென்டிமீட்டரும் கொஞ்சமும் விட்டால் போதும். பின்பக்க பிளேட்டில் மிச்ச மஞ்சள் எல்லாம் சும்மா கிடப்பதுதான்.

"அப்போ நீளத்தைக் குறைச்சுக்கலாம்!" என்றாள் லோர்னா.

"எழுத்து உக்காந்த பிறகு மிச்சத்தைக் குறைச்சுக்கலாம். கூட்டிப் பாரு. எழுத்து ஒண்ணுக்கு அஞ்சு. ஏழு எழுத்து, முப்பத்தஞ்சு. சின்ன இடைவெளி அஞ்சு இருக்கு, அது மொத்தம் அஞ்சரை. நடுவுல பெரிய இடைவெளி மூணேகால்னு வை. ரெண்டு ஓரமும் சேர்த்து ரெண்டேகால்."

பென்சில் நின்றது. நாற்பத்தாறு.

பள்ளம் நாற்பத்திமூன்று.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. "மூணு சென்டிமீட்டர்" என்றாள் லோர்னா மெல்ல. "கையைப் போட்டு அமுக்கினா சுருங்கிரும்போல இருக்கு."

"அமுக்கித்தானே நார்மன் மாட்டிக்கிட்டாரு."

அவள் சிரித்துவிட்டாள். ஆனாலும் விடுவதாக இல்லை. காலை உணவு அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்தாள். துணி வெட்டுகிற கத்தரியை எடுத்தாள். "கணக்கு எனக்கு ஒத்துவராது. வெட்டி வச்சுப் பார்த்தாத்தான் புரியும்" என்று ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் ஏழு துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் எழுத்தை வரைந்து, பழைய பிளேட்டைப் பார்த்து அப்படியே கத்தரித்தாள். சி வந்தது. ஆறு வந்தது. அடுத்த துண்டில் கத்தரி நின்றது.

"ஏய்யா, இந்த ஒண்ணுக்கு எதுக்கு இவ்வளவு துணி?"

"என்னது?"

"பாரு. குச்சி மாதிரி இருக்கு. ரெண்டு பக்கமும் வெட்டிப் போட்டது எல்லாம் வீண். திரைச்சீலையா இருந்தா இதுல ஒரு பை தைச்சிருப்பேன்."

எம்ரிஸ் தாளைப் பிடுங்கினார். இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். அடியில், சின்ன எழுத்தில், யாரும் படிக்க மாட்டார்கள் என்று போட்டது போல இருந்தது: ஒன்று என்ற எண்ணுக்கும் ஐ என்ற எழுத்துக்கும் இந்த அகலம் பொருந்தாது. ஒன்றுக்கு ஒன்று புள்ளி நாலு சென்டிமீட்டர்தான்.

"அஞ்சுல ஒண்ணு புள்ளி நாலு போனா..." அவர் விரல்விட்டு எண்ணினார்.

"மூணு புள்ளி ஆறு!" என்றாள் கணக்கு ஒத்துவராதவள். "நாப்பத்தாறுல அது போனா நாப்பத்திரண்டு புள்ளி நாலு!"

துண்டுகளை அள்ளிக்கொண்டு இரண்டு பேரும் கொட்டகைக்கு ஓடினார்கள். எம்ரிஸுக்கு அறுபத்தெட்டு, அவளுக்கு அறுபத்தாறு. பள்ளத்தில் ஒவ்வொன்றாக ஒட்டவைத்தார்கள். ஏழும் உட்கார்ந்தன. இரண்டு ஓரத்திலும் விதி கேட்ட இடம் போக, ஒரு நெல்மணி அகலம் மிச்சம் இருந்தது. லோர்னா தன் மேலங்கியின் ஓரத்தால் சுண்ணக்கோட்டைத் துடைத்தாள்.

லங்காஸ்டரில் பிளேட் அடித்துத்தரும் கடை. கல்லாவில் இருந்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். நாற்பத்திரண்டரை சென்டிமீட்டரில் பிளேட் கேட்டதும் புருவத்தைத் தூக்கினாள். தாளைக் காட்டி எம்ரிஸ் விளக்கியதும், "சரிதான் கண்ணு, குட்டை பிளேட்டு நாங்க அடிக்கிறதுதான். எழுத்து சரியா இருந்தா சட்டம் ஒண்ணும் சொல்லாது" என்றாள். "அடையாள அட்டையும் வண்டிப் பதிவுத் தாளும் குடுங்க. ரெண்டும் இல்லாம அடிக்க முடியாது."

லோர்னா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கடைக்காரி புரட்டிப் பார்த்து, எம்ரிஸைப் பார்த்தாள்.

"நார்மன் நீங்கதானா?"

எம்ரிஸ் லோர்னாவைப் பார்த்தார்.

"இல்ல" என்றாள் லோர்னா. "என் வீட்டுக்காரர். தவறி மூணு வருஷம் ஆச்சு. பேரு மாத்தல."

"அடடா, மன்னிச்சுக்கோங்க கண்ணு." கடைக்காரி தாளைத் திருப்பி ஓரத்தில் விரலை வைத்தாள். "இதோ, இந்தப் பச்சைத் துண்டு இருக்கு பாருங்க. புது ஆளோட பேரு எழுதறது. இதை நீங்க நிரப்பிக் கிழிச்சுக் குடுத்தாலே எனக்குப் போதும். மிச்சத்தைத் தபால்ல போட்டுருங்க. அவசரமில்ல, வெளிய உக்காந்து எழுதிட்டு வாங்க."

எம்ரிஸின் வண்டியில் வந்து உட்கார்ந்தார்கள். லோர்னா தாளை மடியில் வைத்துக்கொண்டாள். எம்ரிஸ் பேனாவைத் திறந்து கொடுத்துவிட்டு, எதிர்ச்சுவரில் யாரோ ஒட்டிய காணாமல்போன பூனையின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா ஓடும் சத்தம் வரவில்லை.

"நாலே வரி" என்றாள் அவள். "பென்ஷனுக்கு மாத்தினேன், பேங்க்ல மாத்தினேன், தண்ணிக் கட்டணத்துல மாத்தினேன். இதை மட்டும் விட்டு வச்சேன். ஒரு தாளிலயாவது உயிரோட இருக்கட்டும்னு."

"இன்னிக்கு எழுதணும்னு இல்ல லோர்னா. வண்டி இன்னும் ஒரு வருஷம் கொட்டகையில நிக்கட்டும். எனக்கு அங்க போயிட்டு வர்றது பழகிருச்சு. நார்மன்கூடப் பேசிக்கிட்டு இருப்பேன்."

"பேசுவியா?"

"திட்டுவேன். பேச்சு மாதிரிதான்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் எழுதினாள். எழுத்து எழுத்தாக, கட்டத்துக்கு வெளியே போகாமல். கையெழுத்துப் போட்டு, விளிம்பில் மடித்து, துணி கிழிப்பது போலச் சட்டென்று கிழித்தாள். பச்சைத் துண்டை ஊதினாள், மை ஏற்கெனவே காய்ந்திருந்தது.

பிளேட் அரைமணியில் தயாரானது. அதற்குள் எம்ரிஸ் அடுத்த கடையில் இரண்டு இறைச்சி அப்பம் வாங்கி வந்திருந்தார். வண்டிக்குள்ளேயே காகிதத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். அவள் தன் அப்பத்தின் ஓரத்தை, எப்போதும் போல, உடைத்து அவர் காகிதத்தில் வைத்தாள். அவருக்கு ஓரம்தான் பிடிக்கும்.

பிளேட் பள்ளத்தில் சொருகியது போல உட்கார்ந்தது. மஞ்சள் குமிழ் போட்ட இரண்டு திருகு. பரிசோதகர் அளவுகோலைக் கொண்டுவந்து ஒவ்வொரு இடைவெளியையும் அளந்தார்.

"சின்னதா இருக்கே."

"ஓரம்தான் சின்னது. எழுத்து எல்லாம் முழுசா இருக்கு, பாரு தம்பி" என்றாள் லோர்னா.

அவர் தாளை வாங்கிப் படித்து, மறுபடி அளந்து, தலையாட்டினார். "இதுக்குக் குறை சொல்ல ஒண்ணுமில்லம்மா. போய்ட்டு வாங்க."

வெளியே வந்ததும் எம்ரிஸ் பழக்கத்தில் ஓட்டுநர் கதவுப் பக்கம் போனார். லோர்னா சாவியை ஆட்டிக் காட்டினாள்.

"அந்தப் பக்கம் போ. வண்டி யாரு பேர்ல இருக்கு?"

முப்பத்தோரு வருஷத்தில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து யாரும் ஓட்டியதில்லை. அவள் கியரைக் கடகடவென்று போட்டாள். இரண்டாவது வளைவில் வண்டி நடைபாதை ஓரம் ஏறி இறங்கியது. எம்ரிஸின் கால் தன்பாட்டில் இல்லாத பிரேக்கை மிதித்தது.

"பயமா இருக்கா?"

"இல்ல" என்றார், கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி. "எங்க போறோம்?"

"உன் அக்கா வீடு எங்க இருக்கு?"

"பார்மத். வேல்ஸ்ல. மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். எதுக்கு?"

"என்னைப் பத்தி அவகிட்ட என்ன சொல்லி வச்சிருக்க?"

எம்ரிஸ் தொண்டையைச் செருமினார். "பஸ்ஸுல பழக்கமான அம்மான்னு."

லோர்னா போக்குவரத்து விளக்கில் நிறுத்தி, கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். விளக்கு பச்சையானது. வலது பக்கச் சைகை விளக்கைப் போட்டு, தெற்கே போகும் சாலையில் வண்டியைத் திருப்பினாள்.

"போன் பண்ணு. ராத்திரி சாப்பாட்டுக்கு ரெண்டு பேர் வர்றோம்னு சொல்லு."