எதை அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது

கிருபாபாய் அன்றைக்கு மாம்பழ நிறப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். பேண்டேஜ் துணி கம்பெனிக்கு யாராவது பட்டுக் கட்டிக்கொண்டு போவார்களா? அவள் போவாள். ராஜபாளையத்திலேயே அன்றைக்கு ஆப் பரிசோதிக்கப் போகிறவள் அவள் ஒருத்திதான். உண்மையில் ஐந்து பேர் போகிறார்கள். மற்ற நாலு பேரும் அவள் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான்.

மதுரையில் ஒரு சின்ன கம்பெனிக்காரர்கள் சுகரும் பிரஷரும் உள்ளவர்களுக்கென்று செல்போனில் ஓர் ஆப் செய்திருந்தார்கள். அது சாதாரண ஜனங்களுக்குச் சுலபமாக இருக்கிறதா இல்லையா என்று பார்த்து வர ஷெரின் என்கிற பெண்ணை அனுப்பியிருந்தார்கள். "சுகரு, பிரஷரு ரெண்டும் உள்ளவங்க யாரு?" என்று முந்தின நாள் மேனேஜர் கேட்டு வாயை மூடவில்லை, பேக்கிங் செக்‌ஷனிலிருந்து கிருபாபாயின் கை உயர்ந்துவிட்டது. "இம்புட்டு வருசமா இதுக ரெண்டையும் சும்மாவா சுமந்தேன்? இன்னைக்காவது உதவுதுல்லா!" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் இதைச் சொன்னதும் தொடையில் அடித்துச் சிரிக்க வேண்டியவள் எதிர் நாற்காலியில் இல்லை. அதுதான் கிருபாபாய்க்கு முள்ளாகக் குத்தியது.

அந்த நாற்காலி நூர்னிசாவுடையது. இரண்டு பேரும் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பேண்டேஜ் சுருட்டினவர்கள். இவள் டிபனை அவள் தின்பாள், அவள் டிபனை இவள் தின்பாள். நூர்னிசா வேலையை விட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிபோன பிறகும் அந்த ஒட்டு விடவில்லை. விட்டது அவள் மகன் அனஸ் கல்யாணத்தில். கிருபாபாய்க்குப் பத்திரிகை வாட்ஸப்பில் வந்தது. ஒரு படம், கீழே ஒரு ரோஜாப்பூ, ஒரு கும்பிடு.

"எனக்கு? போன்லயா? போன்ல கூப்பிட்டா போற ஆளா நான்? நேர்ல வந்து வச்சா பொறவு பாப்போம்" என்று மேஜை மேஜையாகச் சொன்னாள். சொன்னது ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்ச் சேர்ந்தது. நூர்னிசாவுக்குக் கால் வீங்கிப்போய், யார் வீட்டுக்குமே நேரில் போகவில்லை என்று பிறகு தெரிந்தது. தெரிந்தும் கிருபாபாய் இறங்கி வரவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை. இரண்டு வருஷம் ஆயிற்று. அவளே முதலில் கூப்பிடட்டும் என்று இவளுக்கு வீம்பு, இவளே கூப்பிடட்டும் என்று அவளுக்கு வீம்பு. ஒரு வார்த்தை பேசிவிடமாட்டோமா என்று இவள் தவிக்காத நாள் கிடையாது.

கேண்டீன் பக்கத்து அறையில் ஷெரின் ஒரு புத்தம்புதுப் போனோடு காத்திருந்தாள். கிருபாபாயின் சொந்தப் போனை வாங்கி, ஆஃப் செய்து, ஒரு தட்டில் வைத்தாள். புதுப் போனில் அவள் பேரைப் பதிந்தாள்.

"அம்மா, நாங்க உங்களைச் சோதிக்கல. இந்த ஆப்பைத்தான் சோதிக்கிறோம். உங்களால முடியலன்னா தப்பு ஆப்பு மேல. மனசுல என்ன தோணுதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. நான் உதவி பண்ண மாட்டேன், கோவிச்சுக்கக் கூடாது."

"ஏதாவது தப்பா அமுக்கிட்டா?"

"இது டெஸ்ட் போன்தானே. எதை அமுக்கினாலும் ஒண்ணும் ஆகாது."

அடடா, இதல்லவா பேச்சு! வீட்டில் போனைத் தொட்டாலே "ஏதாவது அமுக்கிராத" என்று அலறுகிற மகனை நினைத்துக்கொண்டாள் கிருபாபாய். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினாள்.

முதல் வேலை, சுகர் அளவைப் பதிவது. "நேத்து எரநூத்திப் பத்து. செத்த கொறச்சுப் போடட்டுமா? வையுவாவளே!" என்று ஷெரின் முகத்தைப் பார்த்தாள். ஷெரின் உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். "சரி, உள்ளதையே போடுதேன்." போட்டாள். திரையில் பச்சை டிக் வந்தது. "ஏ, வந்துட்டு!" என்று அவள் கத்திய கத்தில் கேண்டீனில் வடை போடுகிறவர் எட்டிப் பார்த்தார்.

இரண்டாவது, மாத்திரைக்கு மணி வைப்பது. இதில்தான் தண்ணி காட்டிவிட்டது. நேரத்தைத் தள்ளினால் அது ராட்டினம்போல ஓடியது. "ஏ நில்லு! எங்க ஓடுத? எட்டு மணியைப் பிடிச்சா பத்து மணிக்குப் போவுது. ஏம்மா, இதைச் செஞ்சவனுக்கு விரலே கெடையாதா?" ஷெரின் விழுந்து விழுந்து எழுதிக்கொண்டாள். வியர்த்து விறுவிறுத்து, ஒரு வழியாக எட்டில் நிறுத்தி, மணியும் அடித்துக் காட்டியபோது கிருபாபாய் தனக்குத்தானே கைதட்டிக்கொண்டாள்.

மூன்றாவது வேலையை ஷெரின் படித்தாள். "உங்களுக்குத் திடீர்னு மயக்கமா வருது. பக்கத்துல யாரும் இல்ல. ஆப் மூலமா உங்களுக்கு வேண்டியவங்களைக் கூப்பிடணும். முதல்ல அவங்க நம்பரைச் சேருங்க."

நம்பரா? கிருபாபாய்க்குக் கணவர் நம்பரே தெரியாது. பேரைத் தொட்டால் மணி அடிக்கும், அவ்வளவுதான். மகன் நம்பரும் அப்படித்தான். தலையைத் தட்டித் தட்டி யோசித்தாள். மனப்பாடமாக ஒரே ஒரு நம்பர்தான் இருந்தது. அவளிடம் போன் இல்லாத காலத்தில் கேஸ் ஆபீஸ், மகன் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லா இடத்திலும் அவள் கொடுத்து வைத்திருந்த நம்பர்.

"ஒண்ணும் ஆகாதுல்லா பாப்பா?"

"ஒண்ணும் ஆகாதும்மா."

விரல் தானாக ஓடியது. பத்து எண்ணும் ஒரு பிசகில்லாமல் விழுந்தன. பேர், நூர்னிசா. அடுத்து உறவு என்ன என்று கேட்டது. கணவர், மகன், மகள், சகோதரி, மற்றவர். மற்றவர் மேல் போன விரல் அப்படியே நின்றது. "மத்தவளா அவ?" என்று முணுமுணுத்துக்கொண்டு சகோதரியைத் தொட்டாள். பிறகு அந்தப் பெரிய சிவப்புப் பட்டனை ஓங்கி ஓர் அமுக்கு. 'அனுப்பப்பட்டது' என்றது போன்.

"சூப்பர்மா! எங்கேயுமே தடுமாறலயே!" என்றாள் ஷெரின்.

"பின்னே? கிருபான்னா சும்மாவா!"

வடையும் டீயும் வந்தன. வெற்றி பெற்றவளின் தோரணையில் நாற்காலியில் சாய்ந்து, அந்த ராட்டினத்தை எப்படித் திருத்த வேண்டும் என்று ஷெரினுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். ஓடுகிற நம்பர் வேண்டாம், காலை, மத்தியானம், ராத்திரி என்று மூன்று பட்டன் போதும் என்றாள். பேச்சு சுவாரஸ்யத்தில் இரண்டாவது வடைக்கும் போய்விட்டாள்.

வெளியே ஒரு பைக் கிரீச்சென்று நின்றது. வாட்ச்மேன் யாரையோ மறித்துச் சத்தம் போட்டார். அதைவிடப் பெரிய சத்தம் ஒன்று அவரை அமுக்கியது.

"தள்ளுங்கய்யா! ஏட்டி கிருபா! எங்கட்டி கெடக்க?"

கிருபாபாயின் கையிலிருந்த வடை தட்டில் விழுந்தது. அந்தக் குரலை அவள் தூக்கத்தில்கூட அடையாளம் கண்டுபிடிப்பாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு நூர்னிசா வந்து நின்றாள். காலில் செருப்பு இல்லை. முக்காடு தோளில் கிடந்தது. கையில் ஒரு பால்கோவா டப்பா. பின்னாலேயே ஹெல்மெட்டோடு அனஸ், "பெரியம்மா, என்ன செய்யுது?" என்று மூச்சிரைத்தான்.

நூர்னிசா பட்டுச் சேலையைப் பார்த்தாள். டீயைப் பார்த்தாள். வடையைப் பார்த்தாள்.

"ஆபத்துல இருக்கேன், ஒடனே வான்னு ஒன் பேருல மெசேஜ், கம்பெனி இருக்க எடமும் போட்டு. கூப்பிட்டா ஒன் போன் ஆஃபு. சுகரு கொறஞ்சு மயங்கிக் கெடக்கியோன்னு, சீனி தேட நேரமில்லாம கைக்கு ஆப்பிட்டதை எடுத்துக்கிட்டு ஓடியாந்தா, நீ பட்டுக் கட்டி வடை திங்கியா? வில்லிபுத்தூர்லருந்து இங்க வார வரைக்கும் என் உசுரு என்கிட்ட இல்லட்டி!"

"நூரு..." என்றாள் கிருபாபாய்.

"போன்ல கூப்பிட்டா போற ஆளா நான்னு கேட்டியாமே? பாத்துக்க. போன்லதான் கூப்பிட்ட. நான் வந்துட்டேன்."

கிருபாபாய் ஓவென்று அழுதுவிட்டாள். மாம்பழப் பட்டில் மூக்கைத் துடைத்தாள். "ஒனக்குக் காலு வீங்கிக் கெடந்துச்சுன்னு எனக்குத் தெரியும் நூரு. தெரிஞ்சும் வரல. எம்புட்டுப் பாவி நான். இப்ப வலிக்கா?"

"வலிக்கத்தான் செய்யும். செருப்பில்லாம ஓடியாந்திருக்கேன்லா" என்றாள் நூர்னிசா. கோபம் தீராமலே எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இவள் தட்டிலிருந்த வடையை எடுத்துக் கடித்தாள்.

ஷெரின் முகத்தில் ரத்தமே இல்லை. "ஐயோ, என் தப்புதான்மா. நிஜ மெசேஜ் போகாம நிறுத்தி வச்சிருக்கணும், மறந்துட்டேன். ரெண்டு பேரும் மன்னிச்சிருங்க. இன்னிக்கே எழுதிர்றேன். அந்தப் பட்டனை அமுக்கினதும், நிச்சயமா அனுப்பலாமா, ஆம், இல்லைன்னு ஒரு தடவ கேட்டுட்டுத்தான் அனுப்பணும்னு."

கிருபாபாய் பதறிப்போய் அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை மட்டும் எழுதிராத பாப்பா. அப்பிடிக் கேட்டிருந்தா நான் இல்லைன்னுல்லா அமுக்கியிருப்பேன்."