ஞாயிற்றுக்கிழமை பூட்டிய பள்ளிக்கூடம்

"பள்ளிக்கூடத்தைப் பூட்டி வெச்சிட்டு என்கிட்டயே கதை விடுறீங்களா?"

"யம்மா, லீவுன்னா பூட்டாம என்ன செய்வாங்க? ஞாயித்துக்கெழமை யாரு பள்ளிக்கூடம் வருவா?"

"ஜொகூர்ல எப்ப அண்ணே ஞாயித்துக்கிழமை லீவு விட்டாங்க? நான் இந்தத் தாமான்லயே பொறந்து வளந்தவ. வெளியூர்க்காரின்னு நினைச்சு விளையாடாதீங்க!"

"அலமாக்! ஜனவரியிலயே மாத்தியாச்சு லா. இப்ப சனி, ஞாயிறு லீவு. நீங்க எந்த ஊர்ல இருந்து வர்றீங்க?"

எங்கள் தாமான் ஒரு சின்னக் குடியிருப்பு; எங்கள் வீட்டுக்கு நேர் எதிரில்தான் தமிழ்ப்பள்ளியின் வாசல். சத்தம் கேட்டபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காயப்போட்டு முடித்துவிட்டுத்தான் எட்டிப்பார்த்தேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். வாளியை அப்படியே வைத்துவிட்டுப் போனேன். வாசல்காவலர் அய்யாவு இரும்புக் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டு கத்த, வெளியே முதுகில் ஒரு பையோடு ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. கோபத்தில் இடுப்பில் கையை வைத்ததைப் பார்த்ததும் எனக்கு ஆள் பிடிபட்டுவிட்டது. அது அமலோற்பவத்தின் கை.

"கிறிஸ்டின்! அமலோற்பவம் மகதானே நீ? அயர்லாந்துக்குப் போன நர்சு?"

"ஆன்ட்டி! நீங்களாவது சொல்லுங்க, இவரு என்னென்னமோ சொல்றாரு."

"அவன் சொல்றது நெசந்தான். உள்ள வா, வெயில்ல நிக்காத."

மலேசியாவில், அதுவும் ஜொகூரில் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து வருடத்துக்கும் மேலாக எங்கள் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. ஞாயிறு என்றால் பள்ளிக்கூடம், அரசாங்க ஆபீஸ் எல்லாம் திறந்திருக்கும். அந்த வருடம் ஜனவரியில்தான் சனி, ஞாயிறு என்று திரும்பவும் மாறியது. இவள் கிளம்பிப்போனது அதற்கு ஒன்பது வருடம் முன்பு. அங்கே டப்ளினில் யார் இதையெல்லாம் சொல்லப்போகிறார்கள்? முந்தின நாள் மாலைதான் சிங்கப்பூரில் விமானம் இறங்கி, பாலத்தைக் கடந்து, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அறை எடுத்திருக்கிறாள். தூக்கம் வரவில்லையாம். உடம்புக்கு இன்னும் அந்த ஊர் நேரம்.

ஈப்போவில் மகனோடு இருக்கும் அமலோற்பவத்துக்குக்கூடச் சொல்லாமல் வந்திருக்கிறாள். நாற்காலியில் உட்கார வைத்து மைலோ கலக்கிக் கொடுத்தேன்.

"சும்மா பழைய இடமெல்லாம் பாக்கலாம்னு வந்தேன் ஆன்ட்டி."

"அந்தப் பழைய இடத்துல பள்ளிக்கூடத்துக் கிராணி ரூமும் ஒண்ணா?"

அவள் கோப்பைக்குள் பார்த்துச் சிரித்தாள்.

பள்ளிக்கூடத்துக் கிராணி மனோகரன். எல்லாக் கணக்கும் எழுத்தும் அவன் கையில்தான். கிறிஸ்டின் அப்போது அரசாங்கக் கிளினிக்கில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து, நர்சு உடுப்போடேயே மாலைப் பூசைக்கு ஓடுவாள். திருநீறு பூசிய மனோகரன் மாதாகோயில் வாசலில் மோட்டார் சைக்கிளோடு காத்திருப்பான். வெள்ளிக்கிழமை ஆனால் இரண்டு பேரும் காணாமல் போய்விடுவார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் சனி, ஞாயிறில்தான் இங்கே வந்து மொய்ப்பார்கள். வெள்ளிக்கிழமையில் டவுனே இவர்களுடையது. எந்தக் கடையில் என்ன தின்றார்கள் என்பதுவரை எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது.

தாலி கோயிலிலா மோதிரம் மாதாகோயிலிலா என்று இரண்டு தாய்மாரும் ஒரு வருடம் சண்டை போட்டார்கள். அலுத்துப்போய் இவள் இரண்டு வருடம் என்று சொல்லிவிட்டு டப்ளினுக்குப் போனாள். இரண்டு, ஒன்பது ஆனது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பதில் அவனைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

"போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே?"

"போன்ல பேசினதெல்லாம் சண்டையிலதான் முடிஞ்சுது. இப்ப அதுவும் இல்ல. நேர்ல கேக்கணும் ஆன்ட்டி. கேக்கும்போது அவரு மூஞ்சியப் பாக்கணும்."

"என்ன கேக்கணும்?"

"என்னைக் கட்டிக்கிறீங்களான்னு."

மைலோவுக்குச் சீனி போதுமா என்று கேட்பது போலச் சொன்னாள்.  ஆனால் மனோகரன் அன்றைக்கு எங்கே போயிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். அவன் அம்மா தனலெட்சுமி முந்தின நாள் வந்து, "யார்கிட்டயும் சொல்லிடாத" என்று மூன்று முறை சொன்னாள். தனலெட்சுமி என்னிடம் அப்படிச் சொன்னால், தாமான் முழுக்கத் தெரியவேண்டும் என்று அர்த்தம்.

"அவன் குளுவாங் போயிருக்காம்மா. பொண்ணு பாக்க. ஷர்மினின்னு ஒரு டீச்சரு."

கிறிஸ்டின் அழவில்லை. "எப்ப வருவாரு?"

"சாயந்தர ரயில்ல. தனலெட்சுமிக்குக் கார்ல போனா வாந்தி."

"பாக்கத்தானே போயிருக்காங்க? பாத்த ஒடனே சரின்னு சொல்லிடுவாரா?"

"அவன் எதையும் சொல்லமாட்டான். அவங்கம்மா சொல்லுவா."

 பார்த்தால் கோப்பையைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டிருந்தாள். கோப்பையை மெதுவாக வாங்கி வைத்தேன். மதியம் விழித்தவள், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் என் வீட்டுக் கூரையைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, "ரயில் வர்ற வரைக்கும் தூங்கக்கூடாது, டவுனைச் சுத்திப் பாக்குறேன்" என்று கிளம்பிவிட்டாள். துணைக்கு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

அவள் டவுனில் சுற்றியது, பிறகு அவளே சொன்னது பாதி, நான் விசாரித்தது பாதி. மலைமேல் இருக்கும் மாதாகோயிலுக்குப் போயிருக்கிறாள். பூசை காலையிலேயே முடிந்துவிட்டது. மாலைப் பூசைக்குச் சீருடையோடு ஓடிவரும் கூட்டம் இப்போது இல்லை என்று பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் சொன்னாளாம். மனோகரனின் மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தில் யாரோ பூந்தொட்டி வைத்திருந்தார்கள். அங்கிருந்து இறங்கி, விறகடுப்பில் வாழைப்பழ கேக் சுடும் கடைக்குப் போனால், தெருமுனை வரைக்கும் வரிசை. எல்லாம் சிங்கப்பூர்க்காரர்கள். வெள்ளிக்கிழமைகளில் கடைக்காரரே கூப்பிட்டு ஒரு துண்டு கையில் கொடுத்த இடம் அது. இவள் வரிசையில் நின்றபடியே தூங்கி, முன்னால் நின்றவர் முதுகில் சாய்ந்து, அவர் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கடற்கரைப் பக்கம் போயிருக்கிறாள். இவர்கள் கால் நனைத்த இடத்தை மண் போட்டு மூடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். "கடல் எங்கண்ணே போச்சு?" என்று ஓர் இளநீர்க் கடைக்காரரைக் கேட்டதற்கு, "கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும்மா" என்றாராம்.

சாயந்தரம், செருப்பு வாங்கப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நானும் ரயில் நிலையத்துக்குப் போனேன். பயணிகள் வெளியே வரும் வழிக்கு எதிரே, வரிசை நாற்காலியில், வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள் கிறிஸ்டின். மடியில் கேக் பொட்டலம். தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஃபைவ் மினிட்ஸ்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இதற்கா இவ்வளவு தூரம் பறந்து வந்தாய் என்று எனக்கே ஆத்திரம்.

ரயில் வந்தது. பட்டுச்சேலை கசங்காமல் முன்னால் வந்த தனலெட்சுமி முதலில் என்னைத்தான் பார்த்தாள்.

"நீ எங்கடி இங்க?"

"செருப்பு வாங்க வந்தேன்."

"ரயில்வே ஸ்டேஷன்லயா?"

அதற்குள் பின்னால் வந்த மனோகரன் நின்றுவிட்டான். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, நெற்றியில் சந்தனம், கையில் காலித் தாம்பாளம் வைத்த பை. ஒரு நாற்காலி இடைவெளி விட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் மடியிலிருந்து நழுவிய பொட்டலத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"எந்திரிடா. பஸ் போயிரும்."

"நீங்க போங்கம்மா."

"இப்பத்தான் தட்டு மாத்திட்டு வர்றோம். நெனப்பிருக்கா?"

"இருக்கு."

தனலெட்சுமி போகவில்லை. நானா போவேன்? இரண்டு பேரும் நின்றோம்.

கிறிஸ்டின் கண் விழித்தாள். அவனைப் பார்த்தாள். முகத்தில் எந்தக் கவலையும் இல்லை. "மனோ, எழுப்பக்கூடாதா? வெள்ளிக்கிழமைய தூங்கியே வீணாக்கிட்டேன். எங்க போலாம்?" என்றாள்.

அவன் பொட்டலத்தை அவளிடம் நீட்டினான். "ஞாயிறு, கிறிஸ்."

அப்போதுதான் அவள் சந்தனத்தையும் பட்டுச்சேலையையும் பார்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தெரியும். ஆன்ட்டி சொன்னாங்க. இருந்தாலும் கேட்டுட்டுத்தான் போவேன். என்னைக் கட்டிக்கிறீங்களா?"

"காலையில வாக்குக் குடுத்துட்டேன்."

"யாரு, அம்மாவா?"

"இல்ல. நானே சொன்னேன்."

அதுதான் அவளைத் தாக்கியது. ஒன்பது வருடம் முன்பு போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லாதவன், இன்றைக்குக் காலையில் வாயைத் திறந்திருக்கிறான்.

"காலையில நான் பள்ளிக்கூட வாசல்ல நின்னு சண்டை போட்டுட்டிருந்தேன்."

"ஞாயித்துக்கெழமை எதுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போன?"

"அப்பல்லாம் ஞாயிறுதானே வேல!"

மனோகரன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"அந்தப் பொண்ணு எப்படி?"

"நல்ல மாதிரி. நிறையப் பேசுது."

"நல்லதாப் போச்சு. உங்களுக்கும் சேத்துப் பேசட்டும்."

பொட்டலத்தை அவளே பிரித்தாள். ஆளுக்கொரு துண்டு. இனிப்பு அதிகம் என்று சொல்லிக்கொண்டே தனலெட்சுமி இன்னொன்றும் எடுத்தாள். பழைய விடுமுறையே இருந்திருந்தால் அவன் அன்றைக்கு ஆபீசில்தான் இருந்திருப்பான், உண்மைதான். ஆனால் பெண் பார்ப்பது வெள்ளிக்கிழமையே முடிந்திருக்கும். எந்தக் காலண்டரை வைத்துப் பார்த்தாலும் அவள் தாமதம்தான். அதை நான் அங்கே சொல்லவில்லை. எனக்கும் வாய் மூடத் தெரியும்.

தை மாதம் மனோகரனுக்கும் ஷர்மினிக்கும் குளுவாங்கில் கல்யாணம் நடந்தது. அவளுக்கு இங்கே ஜொகூர் பாருவுக்கு மாற்றல் கிடைக்கவில்லை, அதனால் அவன்தான் மாற்றல் கேட்டுக் குளுவாங் போனான். தனலெட்சுமி ஒரு மாதம் வீராப்பாக இங்கே தனியாக இருந்துவிட்டு, பிறகு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவர்களோடு போய்ச் சேர்ந்தாள். இப்போது மருமகள் பேசிப் பேசிக் காதே செவிடாகிறது என்று எனக்குப் போன் பண்ணி ஒரு மணி நேரம் பேசுகிறாள். கிறிஸ்டின் டப்ளின் வேலையை விட்டுவிட்டாள். கடற்கரை ஊரான மெர்சிங்கில் ஒரு வீடு எடுத்து, ஈப்போவிலிருந்து அமலோற்பவத்தையும் அழைத்துக்கொண்டாள். கல்யாணம் இன்னும் ஆகவில்லை. அந்த ஊர்ப் படகுத்துறையில் தீவுக்கு ஆள் ஏற்றும் அட்ரியன் என்று ஒருவன் அடிக்கடி வீட்டுக்கு மீன் கொண்டுவருவதாக அமலோற்பவம் சொன்னாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.