தலையில் வைத்த புள்ளி

பெரியவளுக்கு அந்தப் புள்ளி ஈ எச்சமாக இருந்தே தீரவேண்டும். பூதக்கண்ணாடியும் கையுமாக நாள் கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய பாட்டுகளின் கையெழுத்துப் பிரதியையும் முதல் அச்சுப் புத்தகத்தையும் ஒப்பிட்டுத் திருத்திப் பதிப்பிப்பது அவள் வேலை. ஸ்வரத்தின் தலையில் புள்ளி இருந்தால் குரல் மேலே போகவேண்டும். இல்லாவிட்டால் வேண்டாம். அந்த ஒரு புள்ளியில்தான் அவள் தங்கையின் மானம் தொங்கிக்கொண்டிருந்தது.

சின்னவள் பாடகி. அந்தப் பாட்டில், அந்த இடத்தில், அவள் மேலே போய் நிற்பதைக் கேட்கவே கூட்டம் வரும். போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து எல்லாம் வருகிறது, அது மட்டும் வரமாட்டேன் என்கிறது. புத்தக வெளியீட்டில் அவள்தான் பாடவேண்டும். மேலே போகாவிட்டால் குரல் போச்சு என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அசலிலேயே புள்ளி இல்லையென்றால் கவலை விட்டது! பெரியவள் அடிக்குறிப்பே எழுதிவிட்டாள்: 'கையெழுத்துப் பிரதியில் இருப்பது ஈ எச்சம். அச்சுக் கோத்தவர் அதைப் புள்ளி என்று கொண்டார்.'

"ஈயடிச்சான் காப்பின்னு சும்மா சொல்லுவோம்ல, இந்த மனுஷன் நிஜமாவே அடிச்சு வச்சிருக்காருடி" என்று போனில் சொன்னாள்.

"அடப்பாவி! ஒரு ஈக்காகவாக்கா இத்தனை வருஷம் தொண்டையைக் கிழிச்சுக்கிட்டேன்?" சின்னவள் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். பெரியவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மெய்ப்புப் பார்ப்பது அவள் வீட்டுக்காரர். குடும்பத்தில் சந்தேகசாமி என்று பெயர். பூட்டின பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிற பிறவி. அடிக்குறிப்பைப் படித்தவர் கையெழுத்துப் பிரதியை எடுத்துவரச் சொன்னார்.

"பின்பக்கம் பாத்தியா?"

எந்தத் தாளையும் திருப்பிப் பார்க்காமல் ஒரு வரி எழுதாதவள், இதை மட்டும் திருப்பவில்லை. மறதியா? மண்ணாங்கட்டி! பயம். ஈ எச்சம் தாளின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்து மசியோ தாளைத் தின்று மறுபக்கம் எட்டிப்பார்க்கும்.

அவர் திருப்பினார். கடுகளவு பழுப்பு, நேர் பின்னால்.

"எழுதினவர் வேணும்னே அழுத்தி வச்சிருக்காரும்மா."

"ஒரே ஒரு புள்ளிதானேங்க."

"தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும். ஆடிட்டுப் போகட்டும், புத்தகத்துல ஆடக்கூடாது" என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

போனில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அது புள்ளிதான்டி. எனக்கு உள்ளுக்குள்ள தெரியும். அடிக்குறிப்பை அடிச்சுட்டேன்."

சின்னவள் முகம் சுண்டிப்போயிற்று. கையிலிருந்த துண்டைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்காகப் பொய் எழுதினியா? நீயா? தாயத்துல ஒரு கட்டம் தள்ளி வச்சாக்கூட அம்மாகிட்டப் போட்டுக்குடுப்பியே, கிராதகி!" என்று கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் மூக்கைச் சிந்தியே அந்தத் துண்டு பாழாயிற்று.

வெளியீட்டன்று மண்டபம் நிறைந்திருந்தது. அந்த இடம் வந்ததும் சின்னவள் பாட்டை நிறுத்தினாள்.

"இங்க மேல போகணும். எங்கக்கா சரியாத்தான் போட்டிருக்கா. எனக்குத்தான் இப்போ எட்டல" என்றாள்.

அப்புறம் பின்வரிசையில் யாரோ ஒருத்தர் அந்த மேல் ஸ்வரத்தைப் பிடித்தார். பக்கத்து வரிசை சேர்ந்துகொண்டது. அவளிடமிருந்தே கேட்டுக் கேட்டுப் பாடமான இடம்தானே, மண்டபமே எடுத்துவிட்டது. சின்னவள் கைகூப்பிக் கண்ணீரும் சிரிப்புமாக நின்றாள்.

முன்வரிசையில் பெரியவளும் பாடினாள். சுத்தமாகச் சுருதி சேரவில்லை. சந்தேகசாமி கூடத் தடுக்கவில்லை.